செய்தி அனுப்பினால் போதுமா? ஒரு பார்சல் லாக்கர் காப்புரிமைப் பரிசோதனைக்குப் போகும் வழி

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் விடும் நேரமும் டெலிவரிக்காரர் வரும் நேரமும் ஒத்துப்போவது அபூர்வம். காலை ஷிஃப்டுக்குப் போனவர் அறைக்குத் திரும்ப மதியம் தாண்டிவிடும். பார்சலோ பதினோரு மணிக்கே வந்து, கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கும். டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் காலத்திலிருந்தே ஷிஃப்ட் கணக்கில் ஓடும் ஊர் இது. பிறகு போச்சம்பள்ளியில் ஓலா, குருபரப்பள்ளியில் டெல்டா, ஓசூரை ஒட்டி டாடா எலெக்ட்ரானிக்ஸ் என்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலைகள் பெருகப் பெருக, பெண்கள் விடுதிகளும் வாடகை அறைகளும் கூடின. ஆன்லைனில் வாங்குவதும் கூடியது. விடுதி வாசலில் வாட்ச்மேன் அண்ணனின் மேசைக்கடியில் அட்டைப்பெட்டிகள் குவிகின்றன. பெயரைப் பார்த்து, எண்ணைத் தேடி, "உங்களுக்குப் பார்சல் வந்திருக்கும்மா, வந்து வாங்கிக்கோங்க" என்று ஃபோன் போடுவதும் அவர்தான்.

அந்த மேசையின் இடத்தில் வந்து நிற்கும் இரும்பு அலமாரிதான் ஸ்மார்ட் பார்சல் லாக்கர். சிறிதும் பெரிதுமாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் மின்பூட்டு, முகப்பில் ஒரு தொடுதிரை, உள்ளே ஒரு கட்டுப்பாட்டு போர்டு. டெலிவரிக்காரர் பார்கோடை ஸ்கேன் செய்கிறார். அளவுக்குத் தக்க அறை திறக்கிறது. பார்சலை வைத்துச் சாத்துகிறார். பெறுபவரின் கைபேசிக்கு ஓடிபி போகிறது. அவர் வந்து எண்ணைத் தட்டினால் அதே அறை திறக்கும். எடுக்காவிட்டால் மறுநாள் ஒரு நினைவூட்டல். மின்காந்தத்தில் இயங்கும் சோலனாய்டு பூட்டு, ஈஎஸ்பி32 என்ற கட்டுப்பாட்டு போர்டு, குறுஞ்செய்தி அனுப்பும் ஜிஎஸ்எம் மாட்யூல் எல்லாம் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்கும் வெல்டிங் பட்டறைகளுக்கும் பஞ்சமில்லை. நாலு மாணவர்கள் சேர்ந்தால் ஒரு செமஸ்டருக்குள் ஓடுகிற மாதிரி ஒன்றை நிறுத்திவிடுவார்கள்.

நிறுத்தியதும் அடுத்த பேச்சு, "இதுக்கு பேட்டன்ட் போட்டுடலாமா?"

போடலாம். ஆனால் எதற்குப் போடுகிறோம் என்ற இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பார்சல் வந்ததைப் பெறுபவருக்குச் சொல்வது என்ற யோசனைக்கு இந்தியாவில் இன்று காப்புரிமை கிடைக்காது. அந்தச் செய்தி தவறாமல், பொய்யாகாமல் போவதற்காக இயந்திரத்துக்குள் புதிதாக ஏதாவது செய்திருந்தால், அதற்குக் கிடைக்கலாம். விண்ணப்பம் இந்த இரண்டில் எதைக் கேட்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் காப்புரிமை அலுவலகப் பரிசோதகரின் வேலையில் பெரும்பகுதி. இதை விளக்க ஒரு கற்பனை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம்: விடுதிக்கு லாக்கர் செய்த நாலு பேர் கொண்ட ஓசூர்க் குழு ஒன்று, 'ஸ்மார்ட் பார்சல் லாக்கர் அறிவிப்பு அமைப்பு' என்ற தலைப்பில் விண்ணப்பிக்கிறது.

போட்ட உடனே யாரும் படிப்பதில்லை

தமிழ்நாட்டில் வசிப்பவரின் விண்ணப்பம் கிண்டியில் உள்ள சென்னை காப்புரிமை அலுவலகத்துக்குப் போகும். கொல்கத்தா தலைமையகம், டெல்லி, மும்பை, சென்னை மூன்றும் கிளைகள். கர்நாடகமும் சென்னையின் எல்லைக்குள்தான் வருகிறது. எதற்கெடுத்தாலும் பெங்களூருக்கு பஸ் ஏறிப் பழகிய ஓசூர்க்காரர்கள் இதற்கு மட்டும் எதிர்த்திசையில் முந்நூறு கிலோமீட்டர் பார்க்க வேண்டும். பெங்களூர்க்காரர்களுக்கும் அதே கிண்டிதான். நல்லவேளையாக விண்ணப்பமும் கட்டணமும் ஆன்லைனில் முடிந்துவிடும், விசாரணையும் காணொளியிலேயே நடக்கும்.

விண்ணப்பம் சாதாரணமாக 18 மாதம் கழித்து அலுவலகத்தின் இதழில் வெளியாகும். பரிசோதனை தானாக நடக்காது. படிவம் 18 போட்டுக் கேட்க வேண்டும். முன்பு இதற்கு 48 மாதம் அவகாசம் இருந்தது. 2024 மார்ச்சில் திருத்திய விதிகள் அதை 31 மாதமாகக் குறைத்துவிட்டன. கேட்காமல் விட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000. மற்றவர்களுக்கு இதில் ஐந்து மடங்கு. விரைவுப் பரிசோதனைக்குப் படிவம் 18ஏ உண்டு. ஸ்டார்ட்அப்களும் சிறு நிறுவனங்களும் அதைக் கேட்கலாம். தனிநபர்களாக விண்ணப்பிக்கும் குழுவில் ஒருவர் பெண்ணாக இருந்தாலும் போதும். நம் நாலு பேரில் ஒரு பெண் இருந்தால் வரிசையில் முன்னே போய்விடலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

பரிசோதகர் முதலில் செய்வது தேடல். உலகக் காப்புரிமை ஆவணங்களெல்லாம் வகைப்பாட்டுக் குறியீடுகளில் அடுக்கப்பட்டவை. பார்சல் லாக்கர் ஒரே இடத்தில் உட்காராது. காசு போட்டால் இயங்கும் கருவிகளுக்கான ஜி07எஃப் பிரிவில், பூட்டக்கூடிய பெட்டிகளுக்கென்று ஓர் இடம் உண்டு. வீட்டுச் சாமான்களுக்கான ஏ47ஜி பிரிவில் தபால் பெட்டியும் பார்சல் பெட்டியும் இருக்கின்றன. மின்பூட்டுக்கும் நுழைவு அனுமதிக்கும் ஜி07சி. சரக்கு அனுப்புதல், வணிகத் தரவு என்றால் ஜி06க்யூ. விண்ணப்பம் முழுக்க வாடிக்கையாளர், சேவை, அறிவிப்பு, நினைவூட்டல் என்றே எழுதியிருந்தால் அது கடைசிப் பிரிவை நோக்கித்தான் சரியும். அங்கே சரிந்த விண்ணப்பத்தைப் பரிசோதகர் பார்க்கும் கண்ணே வேறு. விண்ணப்பம் எழுதுகிறவர் இதை முதல் நாளிலேயே யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதல் அறிக்கை சொல்வது

எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாக்கியம்தான் உரிமைக்கோரல். நம் குழுவின் முதல் உரிமைக்கோரல் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: மின்பூட்டுள்ள பல அறைகள், ஒரு சர்வர், பார்சல் வைக்கப்பட்டதும் பெறுபவருக்குக் குறுஞ்செய்தியில் ஓடிபி, 24 மணி நேரத்தில் எடுக்காவிட்டால் நினைவூட்டல். கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பு முப்பது பக்கம் இருக்கலாம், படங்கள் பத்து இருக்கலாம். பரிசோதகர் எடைபோடுவது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். கல்லூரி புராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'அப்ஸ்ட்ராக்ட்' பகுதிக்கு உள்ள மரியாதை இங்கே உரிமைக்கோரலுக்கு.

முதல் பரிசோதனை அறிக்கையை எல்லோரும் எஃப்இஆர் என்றே சொல்வார்கள். அதில் பழைய ஆவணங்கள் டி1, டி2, டி3 என்று வரிசையாக நிற்கும். நம் குழுவுக்கு டி1 கிடைப்பது சுலபம். ஜெர்மனியில் டிஎச்எல் 2001இலேயே பேக்ஸ்டேஷன் என்ற தானியங்கிப் பார்சல் பெட்டிகளை நிறுவத் தொடங்கிவிட்டது. போலந்தின் இன்போஸ்ட், 2011இல் வந்த அமேசான் லாக்கர் என்று வரிசை நீள்கிறது. பார்சல் வைக்கப்பட்டதும் பெறுபவருக்குச் செய்தி போவது இவற்றுக்கெல்லாம் அடிப்படை வேலை. 'அதெல்லாம் வெளிநாட்டில்தானே, ஓசூரில் நாங்கள்தானே முதலில்' என்பது செல்லாது. காப்புரிமை இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும், ஆனால் புதுமை உலக அளவில் இருக்க வேண்டும்.

கோரலின் எல்லா உறுப்புகளும் ஒரே ஆவணத்தில் இருந்தால் புதுமை இல்லை என்று முடிந்துவிடும். ஒன்றிரண்டு விட்டுப்போயிருந்தால் பேச்சு 'கண்டுபிடிப்புப் படி'க்கு நகரும். அங்கே டி1ஐயும் டி2ஐயும் சேர்த்துவைத்துப் பார்க்கப் பரிசோதகருக்கு உரிமை உண்டு. அந்தத் துறையில் கைதேர்ந்த ஒருவர், இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி அறியாமல், இருக்கிற அறிவை வைத்தே இங்கே வந்து சேர்ந்திருப்பாரா என்பதுதான் கேள்வி. டி1இல் லாக்கர், டி2இல் 'வாடிக்கையாளர் குறித்த நேரத்தில் நடவடிக்கை எடுக்காவிட்டால் நினைவூட்டு' என்று இருந்தால், இரண்டையும் ஒட்டுவதில் என்ன அரிது என்று கேட்பார்.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் அடித்தளம் போட்ட தீர்ப்பு 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற அந்த வழக்கு பாத்திரம் கடைசல் பிடிப்பதைப் பற்றியது. லேத்தில் பாத்திரத்தை இறுக்கிப் பிடிக்கும் முறையில் செய்த மாற்றத்துக்குக் காப்புரிமை இருந்தது. அது வெறும் பட்டறை மேம்பாடு, கண்டுபிடிப்பு என்ற அளவுக்கு எழவில்லை என்று நீதிமன்றம் ரத்து செய்தது. ஓசூரில் எந்த லேத் பட்டறையிலும் ஃபோர்மேன் ஒருவர் வாரத்துக்கு ஒரு ஜிக், ஃபிக்ஸ்சர் மாற்றிக்கொண்டுதான் இருப்பார். வேலை சுலபமாகும், கழிவு குறையும், முதலாளி சந்தோஷப்படுவார். அத்தனையும் உண்மையான உழைப்பு. காப்புரிமைக்கு அது போதாது என்பதைத்தான் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. லாக்கரில் ஜிஎஸ்எம் மாட்யூலுக்குப் பதிலாக வைஃபை வைப்பதும், குறுஞ்செய்திக்குப் பதிலாக வாட்ஸ்அப் அனுப்புவதும் இந்த வகைதான்.

அடுத்து அறிக்கையில் வருவது காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3. எவையெல்லாம் கண்டுபிடிப்பே ஆகாது என்ற பட்டியல். அதில் 3(எஃப்), தெரிந்த கருவிகளை அடுக்கிவைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்துகொண்டிருந்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. பூட்டு பூட்டுகிறது, மாட்யூல் செய்தி அனுப்புகிறது, திரை காட்டுகிறது; ஒன்றால் இன்னொன்றின் வேலை மாறவில்லை என்றால் இந்தப் பிரிவு சரியாகப் பொருந்திவிடும். தகவலைக் காட்டும் விதம் 3(என்) பிரிவில் விழும். பெரிய பிரச்சினை 3(கே).

3(கே): வணிக முறையும் கணினி நிரலும்

கணித முறை, வணிக முறை, கணினி நிரல் 'தன்னளவில்' (அதாவது வெறும் நிரலாக மட்டும்), அல்காரிதம் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா என்பது 3(கே). 2002 திருத்தத்தில் வந்தது. 2004 டிசம்பரில் அரசு ஓர் அவசரச் சட்டத்தில் இதைத் தளர்த்திப் பார்த்தது. தொழிலில் தொழில்நுட்பப் பயன்பாடு கொண்ட நிரலுக்கும், வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும் வழி திறக்கப் பார்த்தது. 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்தத் தளர்வு இல்லை. ஆக, எந்த நிரல் உள்ளே, எந்த நிரல் வெளியே என்பதைத் தீர்மானிக்கும் சுமை பரிசோதகர் தலையிலும் நீதிமன்றங்கள் தலையிலும் விழுந்தது.

அலுவலகம் இதற்கென வழிகாட்டு நெறிமுறைகளை மாற்றி மாற்றி வெளியிட்டிருக்கிறது. 2016இல் புதிய வன்பொருள் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். 2017இல் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். 2025இல் மறுபடி திருத்தினார்கள். 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஃபெரித் அலானி வழக்கில் தெளிவாகச் சொன்னது: நிரலை அடிப்படையாகக் கொண்ட உண்மையான கண்டுபிடிப்புகள் அடிபடக் கூடாது என்பதற்காகத்தான் 'தன்னளவில்' என்ற சொல் சேர்க்கப்பட்டது, இன்று கார், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்குள்ளும் நிரல் ஓடுகிறது, தொழில்நுட்ப விளைவோ பங்களிப்போ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதைப் படித்து நிம்மதி அடையும் குழுக்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 'தன்னளவில்' என்ற சலுகை கணினி நிரலுக்கு மட்டும்தான். வணிக முறைக்கு அது கிடையாது. 2023 மே மாதம் ஓபன்டிவி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இணைய வழியில் பரிசு கொடுக்கும் அமைப்பு அது. வணிக முறை மீதான தடை முழுமையானது என்று நிராகரிப்பை உறுதிசெய்தது. சட்டத்தைத் திருத்துவது பற்றி யோசிக்கலாம் என்றும் சொல்லிவைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு நம் லாக்கருக்கு இன்னும் நெருக்கம். ஆன்லைனில் வாங்கிய பொருள் கைக்கு வந்து சேரும்வரை வாங்கியவரின் தனிப்பட்ட விவரங்கள் வெளியே தெரியாமல் காக்கும் அமைப்பு ஒன்றை வணிக முறை என்று அலுவலகம் நிராகரித்திருந்தது. வன்பொருளும் மென்பொருளும் கொண்டு தரவைக் காக்கும் அமைப்பு இது. வணிகத்தில் பயன்படுகிறது என்பதாலேயே வணிக முறை ஆகிவிடாது என்று நீதிமன்றம் நிராகரிப்பை நீக்கியது.

இரண்டுமே வாங்கல், கொடுக்கல், இணையம். வித்தியாசம், கோரலின் மையத்தில் இருக்கும் சிக்கல் எந்த வகை என்பதில். ஒன்றில் பரிசு கொடுப்பது மையம். மற்றதில் தரவு கசியாமல் காப்பது மையம். லாக்கர் அறிவிப்பில் மையம் என்ன? 'பார்சல் வந்துவிட்டது என்று தெரிவிப்பது' என்றால், விடுதி வாட்ச்மேன் அண்ணன் பல காலமாகச் செய்துவரும் வேலை அது.

அமெரிக்காவில் இதே வாதம் வெளிப்படையாகவே நடந்தது. பொருள் வரும் முன் பெறுபவருக்கு அறிவிப்பு அனுப்பும் முறைக்கு அங்கே காப்புரிமை கொடுத்திருந்தார்கள். இந்தக் காப்புரிமைக் குடும்பத்தை வைத்திருந்தவர்கள் பஸ் எப்போது வரும் என்று பயணிகளுக்குச் சொன்ன நகரப் போக்குவரத்து அமைப்புகள்மீதுகூட வழக்குப் போட்டவர்கள். 2020இல் எலெக்ட்ரானிக் கம்யூனிகேஷன் டெக்னாலஜீஸ் எதிர் ஷாப்பர்ஸ்சாய்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது: வருகையை முன்கூட்டித் தெரிவிப்பது வணிகத்தில் வெகுகாலமாக இருக்கும் வழக்கம், அதைக் கணினியில் செய்வதால் கண்டுபிடிப்பு ஆகிவிடாது. அந்தத் தீர்ப்பு இந்தியாவில் செல்லாது, சட்டமும் வேறு. ஆனாலும் அறிவிப்பு என்ற பெயரில் வரும் விண்ணப்பங்கள் எங்கே உடைகின்றன என்பதை அது காட்டுகிறது.

ஆலைக்குள் கைபேசி இல்லாத ஊரில்

நம் குழு விடுதியில் லாக்கரை ஓடவிட்டுப் பார்த்திருந்தால் இரண்டு சிக்கல்களைக் கண்டிருக்கும். ஒன்று, பல மின்னணு ஆலைகளில் லைனுக்குள் கைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள். ஓடிபி வருகிறது, ஆலையின் பொருள்வைப்பு அறையில் கிடக்கும் கைபேசியில் ஒலிக்கிறது, காலாவதியாகிறது. ஷிஃப்ட் முடிந்து வருபவர் வாசலில் நின்று எண்ணைத் தட்டினால் திறக்காது. குழு சொல்லும் தீர்வு: பெறுபவரின் ஷிஃப்ட் அட்டவணையைப் பதிந்துவைத்து, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் செய்தி அனுப்பு. பயனுள்ள யோசனை, விடுதி அக்காக்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். காப்புரிமைக் கண்ணில் இது ஒரு விதி: யாருக்கு எப்போது சொல்வது என்ற நிர்வாக முடிவு. 3(கே) நேராக வந்து உட்காரும். நெட்வொர்க் இல்லாமலே போர்டும் கைபேசியும் நேரத்தை வைத்துத் தனித்தனியே ஒரே எண்ணைக் கணக்கிடட்டும் என்று மாற்றினால் அது தொழில்நுட்பம்தான். ஆனால் நேர அடிப்படையிலான ஓடிபி 2011இலேயே இணையத் தரமாக வெளியாகிவிட்டது.

இரண்டாவது சிக்கல் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. லாக்கர் தகரக் கூரையின் கீழ் வெயிலில் நிற்கிறது. பார்சல் உள்ளே வந்ததா என்று அறிய ஒவ்வோர் அறையின் அடியிலும் லோட் செல் வைத்திருக்கிறார்கள். எடை ஏறும்போது உலோகம் நெளிவதை அளக்கும் உணரிதான் அது. சூடேறினால் அதன் பூஜ்யப் புள்ளி நகரும். சிறிய இயர்போன் பெட்டியின் எடையும் வெயிலால் வரும் பிழையும் ஒரே அளவில் விழுந்தால், காலி அறைக்கு 'உங்கள் பார்சல் வந்துவிட்டது' என்று செய்தி போகும். உள்ளே பார்சல் இருக்கும்போது போகாமலும் இருக்கும். டெலிவரிக்காரர் வைத்தேன் என்பார், பெறுபவர் காலி என்பார், நடுவில் வாட்ச்மேன் மாட்டிக்கொள்வார்.

அந்தக் குழு இதற்கு ஒரு வழி கண்டதாக வைத்துக்கொள்வோம்: பக்கத்தில் காலியாக உள்ள அறைகளின் அளவீட்டைக் கட்டுப்பாட்டு போர்டு தொடர்ந்து வாங்குகிறது, அவை எல்லாம் சேர்ந்து நகர்ந்தால் அது வெப்பம் என்று கழிக்கிறது, கதவு மூடிய பின் ஓர் அறை மட்டும் தனித்து நகர்ந்தால்தான் வைப்பு உறுதியாகிறது, அதன் பிறகே செய்தி அனுப்பும் கட்டளை பிறக்கிறது. எந்தக் காலி அறையை ஒப்பீட்டுக்கு எடுப்பது என்பதை, அது வெயில் விழும் பக்கமா நிழல் பக்கமா என்பதைப் பொறுத்து போர்டே தேர்ந்துகொள்கிறது.

இப்போது கோரலில் அறிவிப்பு கடைசி வரியாகிவிட்டது. உணரிப் பிழை என்ற தொழில்நுட்பச் சிக்கல் நடுவுக்கு வந்திருக்கிறது. ஓர் அறையின் உணரி இன்னோர் அறையின் உணரிக்கு வேலை செய்வதால் 3(எஃப்) வலுவிழக்கிறது. 3(கே) எழுப்பினாலும் பதில் சொல்லப் பொருள் இருக்கிறது. காப்புரிமை கிடைத்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. எடைக்கருவித் துறையில் வெப்பத்துக்கு ஈடுசெய்யும் முறைகள் ஏராளம். பரிசோதகர் அங்கிருந்து ஒரு டி3 கொண்டுவரலாம். ஆனால் 'இது கண்டுபிடிப்பு வகையே இல்லை' என்ற சுவரில் முட்டாமல், 'இது அதிலிருந்து எப்படி வேறு' என்று பொறியாளர் பேசக்கூடிய பேச்சுக்கு வந்தாயிற்று.

இங்கே ஒரு கெடுபிடி. எஃப்இஆர் வந்த பிறகு 'அட, லோட் செல் விஷயத்தை எழுதியிருக்கலாமே' என்று தோன்றினால் காலம் கடந்துவிட்டது. பிரிவு 59இன்படி, தாக்கல் செய்த நாளில் விவரக்குறிப்பில் இல்லாததைத் திருத்தமாக நுழைக்க முடியாது. திருத்திய கோரலும் பழைய கோரலின் எல்லைக்குள்தான் நிற்க வேண்டும். அகலமாகக் கேட்டு, உள்ளே ஆழமாக விவரித்திருந்தால் பின்னர் சுருக்கிக்கொள்ளலாம். 'சென்சார் மூலம் பார்சல் கண்டறியப்படுகிறது' என்று ஒரே வரியில் தாண்டியிருந்தால் சுருங்கிப் போய் நிற்க இடமே இருக்காது. நல்ல விண்ணப்பத்தில் போர்டின் முடிவெடுக்கும் படம், உணரி வைத்த இடம், வெப்பம் ஏறஏற எடுத்த அளவீடு எல்லாம் சலிப்பூட்டும் அளவுக்கு இருக்கும்.

வெளியானதும் வழங்கப்பட்டதும்

நம் பக்கத்துக் கல்லூரிகளின் நுழைவாயில் ஃப்ளெக்ஸ்களில் 'பேட்டன்ட் பப்ளிஷ்டு' என்ற வாசகம் இப்போது சகஜம். படிவம் 9 போட்டு 2,500 ரூபாய் கட்டினால் 18 மாதம் காத்திருக்காமல் விண்ணப்பம் இதழில் வெளியாகும். அதுவரை பரிசோதகர் ஒருவர்கூட அதைப் படித்திருக்க வேண்டியதில்லை. தர மதிப்பீட்டுக்கு எண்ணிக்கை காட்டத்தான் பல இடங்களில் இந்த அவசரம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் கௌரவத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது: அரைகுறையாக எழுதிய விண்ணப்பம் வெளியான நாளிலிருந்து அதுவே பொதுவெளியில் உள்ள பழைய ஆவணம். அடுத்த ஆண்டு அதே குழு லோட் செல் திருத்தத்தோடு புதிதாக விண்ணப்பித்தால் பரிசோதகர் வைக்கும் டி1, அவர்களுடைய சொந்த விண்ணப்பமாகவே இருக்கலாம்.

தாக்கலுக்கு முன் யூடியூபில் டெமோ போடுவதும் அதே கதைதான். அமெரிக்காவில் உள்ளதுபோல் எல்லா வெளிப்படுத்தலுக்கும் ஓராண்டு விலக்கு இங்கே இல்லை. அரசு அறிவித்த கண்காட்சி, அறிவியல் சங்கத்தில் படித்த கட்டுரை போன்ற சில வாசல்களே உண்டு. லாக்கருக்குப் பயன்படக்கூடியது பிரிவு 32: பொதுவில் வைத்துத்தான் சோதிக்க முடியும் என்ற இயல்புள்ள கண்டுபிடிப்பை, நியாயமான சோதனைக்காக மட்டும், தாக்கலுக்கு முந்தைய ஓராண்டுக்குள் பொதுவில் இயக்கியிருந்தால் அது மட்டுமே புதுமையைக் கெடுக்காது. விடுதி வாசல் சோதனை இதில் அடங்கலாம். மாத வாடகை வாங்கத் தொடங்கிவிட்டால் சோதனை என்று சொல்வது கஷ்டம். சிக்கலே வேண்டாமென்றால் தற்காலிக விவரக்குறிப்பைப் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம்.

எஃப்இஆருக்குப் பதில் சொல்ல ஆறு மாதம். கேட்டால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பதில் போகாவிட்டால் கைவிட்டதாகக் கருதப்படும். மாணவர் விண்ணப்பங்கள் இங்கேதான் சத்தமில்லாமல் சாகின்றன என்று நினைக்கிறேன். அறிக்கை வரும்போது ஒருவர் சென்னையில், ஒருவர் பெங்களூரில், வழிகாட்டிய பேராசிரியர் வேறு கல்லூரியில். விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலை யாரும் திறப்பதில்லை. யார் பெயரில் விண்ணப்பம், யார் பதில் எழுதுவது, யார் செலவு என்பதைத் தாக்கலுக்கு முன்பே கல்லூரியோடு எழுத்தில் முடித்துக்கொள்வது நல்லது.

பதிலுக்குப் பின்னும் ஆட்சேபம் மிச்சமிருந்தால் முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் முன் விசாரணை. முடிந்த 15 நாளுக்குள் எழுத்துவழி வாதம். நிராகரித்தால் மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். முன்பு இதற்கென இருந்த மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டது. இப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு இருக்கிறது. வழங்கினால் தாக்கல் தேதியிலிருந்து 20 ஆண்டு; மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம்; காப்புரிமையைப் பயன்படுத்துகிறோமா என்று மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை அறிக்கை.

பத்துப் பன்னிரண்டு விடுதிகளுக்கு லாக்கர் விற்க நினைக்கும் சிறு பட்டறைக்கு இத்தனையும் தேவையா என்று கேட்டால், லோட் செல் மாதிரி ஒன்று கையில் இருந்தால் மட்டும் என்பேன். அலமாரியின் தோற்றம் தனித்துவமாக இருந்தால் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிந்துகொள்ளலாம். 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிப்பு. நிரலை யாராவது அப்படியே நகலெடுத்தால் பதிப்புரிமை காக்கும், அதற்குப் பதிவுகூடக் கட்டாயமில்லை. ஷிஃப்ட் முடியும் நேரம் பார்த்துச் செய்தி அனுப்பும் அந்த யோசனையை மட்டும், பாகலூர் ரோட்டில் இன்னொருவர் எடுத்துத் தன் நிரலைத் தானே எழுதிக்கொண்டு நாளைக்கே தொடங்கினாலும், தடுப்பதற்குக் கையில் எந்தச் சட்டமும் இல்லை. விடுதிக்காரர் யாரை அழைப்பார் என்பது, பூட்டு மாட்டிக்கொண்ட இரவில் யார் வந்து திறந்து கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது.